நான் வெட்டிய கடைசிக் காட்சி

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கோலசிலாங்கூருக்கும் ஈஜோக்குக்கும் இடையில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்தேன், கடைசி வருடம். பழைய நாடகம் ஒன்றை எடுத்து, அதை ஆடுகிறவர்களோடு சேர்ந்தே இந்தக் காலத்துக்கு மாற்றி மேடையேற்ற வேண்டும். அதுதான் எங்களுக்குக் கொடுத்திருந்த வேலை. கிள்ளான் பட்டணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோட்டம் என்றால் பள்ளி விடுமுறைக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போய் வருவது, அவ்வளவுதான். ஆனாலும் தோட்டத்து மக்களின் வாழ்க்கையை நான்தான் மேடைக்குக் கொண்டுவரப் போகிறேன் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

சின்னம்மா குடியிருந்த அந்தத் தோட்டத்தில் ஆடித் திருவிழாவுக்கு வருடா வருடம் ஒரே நாடகம்தான் போடுவார்கள். நாடிழந்து காட்டுக்குப் போன ஒரு ராணியின் கதை. விறகு பொறுக்கப் போன மகனைப் பாம்பு கடித்துவிடும். ராணி அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுவாள். கடைசியில் அம்மன் வந்து தண்ணீர் தெளித்ததும் பிள்ளை எழுந்து உட்காரும். அது எழும்வரை கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து போகக் கூடாது, அது அங்கே வழக்கம். எழுந்த பிறகு பிள்ளை வேடம் போட்ட குழந்தை மேடையிலிருந்து இறங்கி வரும். பெண்கள் அதன் தலையைத் தொட்டு, வாயில் கற்கண்டு போடுவார்கள்.

ராணியாக நடித்தவர் ஓர் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும், தோட்டத்தில் உரம் போடுகிற வேலை. அவருக்கு முன்னால் அந்த வேடத்தை ஆண்கள்தான் போட்டார்களாம். இவர் கேட்டதும் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று சின்னம்மா சொன்னார். அவ்வளவு திறமை போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஏன் விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

படித்த பிள்ளை கேட்கிறதே என்று கோயில் கமிட்டியும் ஒத்துக்கொண்டது. அந்த வருடத் திருவிழாவுக்குப் பழைய நாடகம் கிடையாது, என்னுடையது மட்டும். வேலை முடிந்த பிறகு, தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பறையில் மூன்று வாரம் உட்கார்ந்து நாடகத்தை மாற்றினோம். ராணியைத் தோட்டத் தொழிலாளி ஆக்கினேன். கிரீடம் போயிற்று, மேளம் போயிற்று. காடு செம்பனைக் காடு ஆயிற்று. பாம்பை மட்டும் மாற்றவில்லை, செம்பனைக் காட்டில் அதற்கா பஞ்சம்?

இங்கே ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்தால் என்ன நடக்கும் என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். அவர் சொன்னார். செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி ஆலைக்குப் போயிருக்குமாம், வேறு வண்டி கிடையாதாம். கைலியைக் கிழித்துக் காலில் கட்டிவிட்டுப் பெரிய ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம். பிள்ளை தூக்கம் வருகிறது என்று சொல்லுமாம், தூங்கவிடாமல் அதோடு பேசிக்கொண்டே ஓட வேண்டுமாம். எனக்கோ வாயெல்லாம் பல். பிரமாதம் அக்கா, இதை அப்படியே வைத்துக்கொள்வோம் என்று பரபரவென்று எழுதினேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். மடச்சி நான், வேறென்ன சொல்ல?

கடைசிக் காட்சிக்கு வந்தோம். அம்மன், தண்ணீர் தெளிப்பது, பிள்ளை எழுவது எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்தேன். நவீன நாடகத்தில் சாமி வந்து காப்பாற்றினால் விரிவுரையாளர் சிரிப்பார். தாய் பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டுக் கூட்டத்தை ஒருமுறை பார்ப்பாள், எழுந்து போவாள், அத்தோடு முடிவு. மூன்று வாரத்தில் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு தடவ எழுப்பி விட்டுட்டா என்னா தங்கச்சி? நாடகந்தானே லா."

"செத்தவங்க எந்திரிக்க மாட்டாங்க அக்கா. அதான உண்மை?" என்றேன் நான். இருபத்திரண்டு வயதில் உண்மையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். சோறு வடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

விரிவுரையாளர் கோலாலம்பூரிலிருந்து வந்து இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கே நாடகம். பள்ளித் திடலில் தோட்டத்து லயங்களில் குடியிருந்த மக்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அக்கா நடிக்க நடிக்க எனக்குப் புல்லரித்தது. பிள்ளையாக நடித்தது ஏழு வயதுப் பெண் குழந்தை. என்ன நடந்தாலும் அசையக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது என்று அதை மிரட்டி வைத்திருந்தேன்.

கடைசிக் காட்சியில் அக்கா பிள்ளையைக் கிடத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வசனம் முடிந்துவிட்டது. கூட்டமும் அசையாமல் காத்திருந்தது. அப்புறம் அக்கா குனிந்து, மேடை ஓரத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எந்திரிப்பா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. எந்திரி சாமி."

குழந்தை அரைக்கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எழுந்திருக்கட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் கூடாது என்று தலையை ஆட்டினேன். என் தலை இப்படியும் அப்படியும் ஆடியது, குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. திரையை இழுக்கச் சொன்னேன்.

விரிவுரையாளர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். மற்றவர்கள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்கள். நாடகம் முடிந்துவிட்டது என்று நான் போய் அறிவித்த பிறகும் பெண்கள் பலர் எழவில்லை. அவர்கள் கையில் கற்கண்டுப் பொட்டலம் இருந்தது. பழைய பழக்கத்தில் கொண்டு வந்திருக்கிறார்கள்.

திரைக்குப் பின்னால் அக்காவின் புருஷன் வந்து அவரைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சின்னம்மா சொன்னார். அக்காவுக்கு ஒரே மகன். ஆறு வயதில், செம்பனைக் காட்டில், பாம்பு கடித்து. லோரி ஆலைக்குப் போயிருந்தது. பெரிய ரோட்டுக்கு ஓடி முடிப்பதற்குள் பிள்ளை தூங்கிவிட்டது. அதற்கடுத்த வருடம்தான் ராணி வேடம் தனக்கு வேண்டும் என்று அக்கா கமிட்டியிடம் போய் நின்றிருக்கிறார்.

ஏன் சின்னம்மா எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை என்று அழுதுகொண்டே சண்டை போட்டேன்.

"அவதான் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டா. ஒன்னோட படிப்பு கெட்டுப் போயிரும்னா. வருசத்துல ஒரு நாளு அவ மகன் எந்திரிப்பான்டி. இந்த வருசம் ஒனக்காக விட்டுக் கொடுத்துட்டா."

அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அக்கா வீட்டு வாசல்வரை போனேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன். அந்த நாடகத்துக்கு எனக்கு மிக நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அடுத்த ஆடிக்குப் பழைய நாடகமே திரும்ப வந்தது, அம்மனோடும் தண்ணீரோடும். ஆனால் ராணியாக நடித்தது ஓர் ஆண். அக்காவும் புருஷனும் கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார்கள் என்றார்கள். விசாரித்துக்கொண்டு போனேன். கண்டதும் அக்கா உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். படிப்பு முடிந்ததா, வேலை கிடைத்ததா என்று விசாரித்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். திருவிழாவுக்கு வந்து பழையபடி ஆடுங்கள் அக்கா, நானே பேசி ஏற்பாடு செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. என் கையிலிருந்த காலிக் குவளையை வாங்கிக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. இனிமே அவன் எந்திரிச்சாலும், அது வேற பிள்ளன்னு தெரிஞ்சிருமே."

இப்போது நான் ஆசிரியை. பள்ளிக்கூட நாடகங்கள் எத்தனையோ போட்டுவிட்டேன், எந்த நாடகத்திலும் யாரையும் சாகவிட்டதில்லை. செத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அந்தத் தோட்டத்தில் என்னைவிட எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பிள்ளையை எழுப்பி, வாயில் கற்கண்டு போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.