மடியில் ஏலக்காய் மணக்கும் என்று ஒரு முன்னுரை எழுதினேன்

மூன்று நாளாக என் தோழி மகேஸ்வரியின் அம்மாவை மலை வேலைக்குப் போகும் ஜீப்பில் ஏற்றவில்லை. காரணம் நான்!

(இது என் பெயரில் உள்ள கணக்கு இல்லை. போனும் அம்மாவுடையது. போர்வைக்குள் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சிலமலையில் இருந்து போடிக்கு பஸ்சில் போய்ப் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். வகுப்பில் என் பட்டப்பெயர் 'முன்னுரை'.

"ஏ முன்னுரை, இங்க வாடி! எனக்கு ரெண்டு வரி போட்டுக் குடுத்துட்டுப் போ!"

கட்டுரையின் நடுப்பகுதியை எல்லோரும் எப்படியோ எழுதிவிடுவார்கள். தொடங்கவும் முடிக்கவும்தான் வராது. 'மனித வாழ்வில் உழைப்பு இன்றியமையாதது' என்றே எல்லோரும் தொடங்கினால், தமிழ் டீச்சர் மூன்றாவது நோட்டிலேயே கொட்டாவி விடுவார்.

டீச்சர் அடிக்கடி சொல்வார்: "மொத வரியிலயே வாசிக்கிறவங்க நிமிந்து உக்காரணும். முடிவுரையில அந்த மொத வரிய மறுபடி தொடணும். ஆனா சொன்னதையே சொல்லக் கூடாது, ஒரு படி மேல போயிச் சொல்லணும்."

எனக்கு அது கைவந்தது. (தலைக்கனமும் கூடவே வந்தது.)

போன வாரம் 'என் தாயின் உழைப்பு' என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். மகேஸ்வரி எழுதியதைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அம்மா பாண்டியம்மாள், மலையில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்.

"மொதலயும் கடைசியயும் மட்டும் மாத்திக் குடுடி. மத்தது கெடக்கட்டும்."

அவள் எழுதியிருந்த முன்னுரையையும் முடிவுரையையும் அடித்துவிட்டு, அதே தாளில் நான் புதிதாக எழுதினேன். போட்டிக்கு அவள் அதை வேறு தாளில் படியெடுத்துக் கொடுத்தாள்.

முன்னுரை இப்படி: 'மாலையில் என் அம்மாவின் மடியை அவிழ்த்தால் வீடெல்லாம் ஏலக்காய் மணக்கும்.'

நாளெல்லாம் ஏலச் செடிக்குள் நின்றால் சேலையில் வாசனை ஏறும் அல்லவா? அதைத்தான் நினைத்து எழுதினேன். சத்தியமாக அவ்வளவுதான்!

முடிவுரையில் டீச்சர் சொன்னபடி ஒரு படி மேலே போனேன்: 'அம்மா மடியில் கட்டிக் கொண்டுவருவதுதான் எங்கள் குடும்பத்தை வாழவைக்கிறது.'

மகேஸ்வரிக்கு முதல் பரிசு! பெற்றோர் கூட்டத்தில் மேடையேறி வாசித்தாள்.

என் அப்பாவும் வந்திருந்தார். பாண்டியம்மாள் வேலை பார்க்கும் அதே எஸ்டேட்டில் அப்பாதான் சூப்பர்வைசர். சாயங்காலம் பெண்கள் ஜீப்பில் ஏறும் முன், யாராவது காயை ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. தூக்குவாளியைத் திறந்து, சேலை மடியை உதறிக் காட்டிய பிறகுதான் ஏறவேண்டுமாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டில் அப்பா மலைப் பேச்சே பேச மாட்டார்.

முதல் வரியைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். (டீச்சர் சொன்னது அப்படியே பலித்தது!)

கடைசி வரிக்கு எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா தட்டவில்லை.

மறுநாள் பள்ளியில் மகேஸ்வரியின் கண் வீங்கியிருந்தது.

"விடியக்காலம் ஜீப்புல கால வச்ச எங்காத்தாவ உங்கப்பா எறக்கி விட்டுட்டாருடி. 'ஒம் மகளே மேடையில சொல்லிருச்சு, இனிமே நான் எதுக்குச் சோதன போடணும்'னாராம்."

"நாந்தான் எழுதுனேன்னு நீ சொல்லலையா?"

"ஒன்னைய மாட்டி விடச் சொல்றியா? உங்கப்பா தோல உரிச்சிருவாரு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்காத்தா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. 'நான் எப்ப மடியில காயக் கொண்டாந்தேன், நீ எப்பப் பாத்த?'ன்னு."

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா மெதுவாகப் பேச்செடுத்தார்.

"பாண்டியம்மா அப்படிப்பட்டவ இல்லைங்க."

"எனக்கு மட்டும் தெரியாதா? பதினோரு வருசமா வர்றவ. ஆனா ஜீப்புல வர்ற நாலு பேரு அங்கனதான உக்காந்து கேட்டாங்க? மொதலாளி காதுக்குப் போச்சுன்னா, அவளுக்கு முன்னாடி என்னைய அனுப்பிருவாரு."

பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீயுந்தான எழுதுற? அந்தப் புள்ள கணக்கா, கேக்குறவன் மனசுல தைக்கிற மாதிரி எழுதப் பழகு."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"அம்மா, இன்னுங் கொஞ்சம் ரசம்" என்றுதான் வந்தது.

இன்று மகேஸ்வரியின் பழைய தாளை என் நோட்டுக்குள் தேடி எடுத்தேன். நான் ஊதா மையால் அடித்த வரிகளை இப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன்.

அவள் முன்னுரை: 'நான் எழும்போது அம்மா இருக்க மாட்டாள். சோறு மட்டும் சூடாக இருக்கும்.'

அவள் முடிவுரை: 'அம்மா மலையில் படும் பாட்டை நான் பார்த்ததில்லை. அதனால் இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.'

பக்கத்தில் என் கையெழுத்து: 'ரொம்ப சாதாரணமா இருக்கு!!'

பார்க்காததை எழுதத் தெரியவில்லை என்று அவள் நேர்மையாக நிறுத்தியிருந்தாள். நானும் பார்த்ததில்லை. நான் நிறுத்தவில்லை.

அவள் எழுதியதையே அவள் வாசித்திருந்தால் யாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அப்பா ஒருவேளை தலையைக் குனிந்திருப்பார். அவரும் நான் எழும் முன்பே கிளம்பிப் போகிறவர்தான்.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் தாளை மடித்து, அப்பா நாளைக்குப் போடப்போகிற சட்டையின் பையில் வைத்துவிட்டேன். அந்த ஏலக்காய் வரியும் அதில் என் கையெழுத்தில்தான் இருக்கிறது; என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஐந்து மணிக்குச் சட்டையைப் போடுவார். ஐந்தரைக்கு ஜீப் வரும்.

வைத்த பிறகு இரண்டு முறை எழுந்து போய், திரும்ப எடுத்துவிடலாமா என்று சட்டை முன்னால் நின்றேன்.

யாராவது விழித்திருக்கிறீர்களா? 'எடுக்காதே' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்களேன்.