முத்திரை விழுந்த கொடிமரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் நடுப்பகுதியில், ஒரு வைகாசி மாதத்து முற்பகலில், மாரண்டஹள்ளியிலிருந்து எங்கள் ஊருக்குச் செல்லும் சாலையிலுள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியின் முன்னால் நிகழ்ந்த நிகழ்ச்சி இது. இன்று நினைத்தாலும் முதலில் சிரிப்பும், பிறகு ஒருவித மரியாதையும் என்னுள் எழுகின்றன.

எங்களுடையது கிறிஸ்தவ உழவர் குடும்பங்கள் வாழும் சிற்றூர். அந்தோணியார் திருவிழாவுக்குக் கொடியேற்றும் மரம் கறையான் அரித்துச் சாய்ந்துவிட்டபடியால், அவ்வாண்டு அரசாங்க மரக்கிடங்கில் முறைப்படி ஏலம் எடுத்து, நெடிய தேக்கு மரம் ஒன்றை வாங்கினோம். திருவிழாப் பொறுப்பு அடியேனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கொடிமரத்தைப் பச்சையாக, பட்டையோடு ஊருக்குள் கொண்டுவருவது எங்களில் வழக்கமில்லை. எல்லைக்கு வெளியிலேயே அதைச் சீவி, மெருகேற்றி, மஞ்சள் பூசி, மாலை சூட்டி, மாப்பிள்ளையை அழைத்து வருவது போல மேளத்துடன் அழைத்து வரவேண்டும். எனவே மாரண்டஹள்ளியில் ஆசாரி வேலை செய்துவந்த என் மைத்துனரின் பட்டறையில் மரத்தை இறக்கினோம். அவர் தம் கைத்திறன் முழுவதையும் அதில் காட்டினார். 

கொடியேற்றத்தன்று காலையில் மரம் வண்டியேறியது. திருவிழாச் சமையற்காரர் மட்டும் எங்களுக்கு முன்பே, முதல் பேருந்தில் பாத்திரங்களுடன் ஊருக்குப் போய்விட்டார். வண்டியும் மாடுகளும் பக்கத்து ஊர்க் கவுண்டர் ஒருவருடையவை. அவர் இந்து, ஆயினும் எங்கள் திருவிழாவுக்கு வண்டி கட்டுவது தம் உரிமை என்று கருதுபவர். மேளக்காரர்கள் முன்னே செல்ல, நாங்கள் பின்னே நடந்தோம்.

சாவடியில் வனவர் வண்டியை நிறுத்தினார். நான் பெருமிதத்துடன் அனுமதிச் சீட்டை நீட்டினேன். அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, மரத்தின் அடிமுனைக்குச் சென்று குனிந்து பார்த்தார். மஞ்சளை விரலால் துடைத்தும் பார்த்தார். பிறகு, முத்திரை எங்கே என்று வினவினார்.

கிடங்கிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் சுத்தியலால் ஓர் அடையாள முத்திரை பதிப்பார்கள். சீட்டும் முத்திரையும் ஒத்திருந்தால்தான் அது நேர்வழியில் வந்த மரம். நான் திகைத்து நிற்க, என் மைத்துனர் பாராட்டை எதிர்பார்ப்பவர் போல முன்னே வந்தார்.

"அடிப்பக்கம் கரடுமுரடா அசிங்கமா இருந்துச்சுங்க. ஒரு வட்டம் அறுத்து எடுத்துட்டேன். அதுல என்னமோ எழுத்து வேற குத்தி வெச்சிருந்தாங்க" என்றார்.

வனவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சீட்டு நல்ல சீட்டுதாங்க. ஆனா சீட்டுல இருக்கிற மரம் இது இல்லீங்களே. நீளமும் கொறையுது" என்றார்.

அறுத்த வட்டத்தை என்ன செய்தீர் என்று வனவர் கேட்டதற்கு, பட்டறையில் யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்றார் மைத்துனர். யாருக்கு என்பது மெருகேற்றும் மும்முரத்தில் அவர் நினைவில் நிற்கவில்லை.

அதன்பின் சட்டம் தன் வழியே நடக்கத் தொடங்கியது. முத்திரையற்ற மரம் கைப்பற்றப்பட வேண்டியது. அதை ஏற்றிவந்த வண்டியும், இழுத்துவந்த மாடுகளும் அவ்வாறே. இதைக் கேட்ட கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க சாமிக்குக் கொடி ஏத்தறதுக்கு என் மாட்டைக் கைதியாக்கிட்டயேப்பா" என்றார். மாடுகள் கவலையின்றி அசைபோட்டுக்கொண்டிருந்தன.

மாலையில் பங்குத்தந்தை வருகிறார். சுற்றுவட்டாரத்து மக்கள் திரள்கிறார்கள். கொடி ஏறாமல் ஒன்பது நாள் நவநாள் வழிபாடு தொடங்காது. எங்கள் இளைஞர் சிலர் மரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம் என்று முணுமுணுத்தார்கள். வேறொருவர், யாரையாவது 'கவனித்தால்' காரியம் முடியாதா என்று என் காதில் ஓதினார். இரண்டையும் நான் மறுத்துவிட்டேன். அதற்குள் தகவலறிந்து, வனவரின் மேலதிகாரியான ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

உயரமானவர், சிரிப்பதற்கும் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்பது போன்ற முகம். நான் நடந்தவற்றையெல்லாம் எடுத்துரைத்து, எங்கள் ஊர் எத்தகைய ஊர் என்று விசாரித்துப் பார்க்கும்படி வேண்டினேன்.

"நீங்க சொல்றத நம்பறேங்க. ஆனா இதை இப்படியே விட்டா, நாளையிலிருந்து எல்லாத் திருட்டு மரமும் மஞ்சள் பூசிக்கிட்டு மேளத்தோட வரும்" என்றார்.

தேநீர்க் கடைக்காரரும் தக்காளிக் கூடையுடன் நின்றிருந்த வியாபாரி ஒருவரும் சாட்சிகளாக அழைக்கப்பட்டு, பொருள்களைக் கைப்பற்றியதற்கான மகஜர் எழுதப்பட்டது. கையொப்பமிட்டு முடிந்ததும் ரேஞ்சர் என்னை நோக்கி, பொறுப்பான ஒருவர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தால், கைப்பற்றிய பொருள்களை அவர் வசமே விட்டுவைக்கத் தமக்கு அதிகாரம் உண்டென்றார். நிபந்தனைகளையும் அடுக்கினார். வெட்டக் கூடாது, விற்கக் கூடாது, மறைத்து வைக்கக் கூடாது. கேட்டபோது கொண்டுவந்து காட்டவேண்டும்.

என் மூளையில் ஏதோ மின்னியது. "சார், நட்டு வெக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

ரேஞ்சர் மரத்தை அடி முதல் நுனிவரை பார்த்தார். வனவர் வானத்தைப் பார்த்தார். கவுண்டர்தான் வாய் திறந்தார். "நட்டா எங்கீங்க மறையும்? எங்க ஊர்லேர்ந்து பாத்தாக்கூட தெரியும்."

"அப்ப எனக்குத் தேடற வேலை மிச்சம்" என்றார் ரேஞ்சர். உடனே ஒரு நிபந்தனையைக் கூட்டினார்: தாம் இடும் கைப்பற்று முத்திரை மண்ணுக்குள் புதையக் கூடாது. ஆகவே அதை அடியில் இடாமல், மரம் நிமிரும்போது ஆள் மார்பளவில் நிற்குமாறு அளந்து, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தார். அந்த ஓசை கேட்டதும் எங்கள் மேளக்காரர், என்ன நினைத்தாரோ, கெட்டிமேளம் கொட்டிவிட்டார். வனவர் ஜீப்புக்குப் பின்னால் சென்று சிரித்துவிட்டு வந்தார். நான் பிணைப்பத்திரத்தில் கையொப்பமிட்டேன்.

அன்று மாலை எங்கள் கொடி, நீதிமன்றத்துக்குரிய சொத்தாகிய ஒரு மரத்தின் உச்சியில் பறந்தது. பொருள் பத்திரமாக உள்ளதா என்று பார்வையிட ரேஞ்சரும் வனவருடன் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். விருந்துண்ண அழைத்தேன். வழக்கு முடியும்வரை என் கையால் சாப்பிடுவது முறையன்று என்று மறுத்து, தண்ணீர் மட்டும் கேட்டார். பந்தலின் பின்புறம் அழைத்துச் சென்றேன்.

அங்கே சமையற்காரர், கறி வெட்டிய கட்டையைக் கவிழ்த்துப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பை வாயருகே கொண்டுசென்ற ரேஞ்சரின் கை அப்படியே நின்றது. கட்டையின் அடியில், அரசாங்கக் கிடங்கின் முத்திரை பளிச்சென்று இருந்தது.

"அந்தக் கட்டையத் தொடாதீங்க" என்றார் ரேஞ்சர்.

"தொடாம எப்படீங்க? இன்னும் ஒரு கிடா பாக்கி கெடக்குது" என்றார் சமையற்காரர். பட்டறையில் காலையில் தாமே கேட்டு வாங்கி, பாத்திரங்களோடு பேருந்தில் ஏற்றிவந்த கட்டை என்றும், ஆசாரி மிகவும் நல்ல மனிதர் என்றும் சொன்னார்.

அங்கேயே இரண்டாவது மகஜர் எழுதப்பட்டது. 'ஆட்டுக் கொழுப்பு படிந்த தேக்கு வட்டம் ஒன்று' என்று வனவர் எழுதியதை ரேஞ்சர் திருத்தவில்லை. கட்டை சாக்கில் சுற்றப்பட்டு ஜீப்பில் ஏறியது. பாக்கிக் கிடாவுக்குப் புளியங்கட்டை தேடி நாங்கள் ஊரெல்லாம் அலைந்தோம்.

அறுத்த முகங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்க மரத்தின் அடி தேவைப்பட்டது. அதுவோ குழிக்குள் இருந்தது. திருவிழா முடியட்டும் என்று ரேஞ்சர் காத்திருந்தார். அந்நாள்களில் எங்கள் கோயிலில் அந்தோணியாருக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் தொட்டுப் பார்த்தது அந்த முத்திரையைத்தான். கவுண்டர் தம் மாடுகளைச் 'சர்க்கார் மாடு' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கொடியிறக்கம் முடிந்து மரத்தைச் சாய்த்தோம். வட்டத்தை அடியோடு ஒட்டிவைத்ததும், நடுவிலிருந்து ஓடிய வெடிப்பு ஒன்று கோடு பிசகாமல் கூடியது. சீட்டிலிருந்த நீளமும் சரியாக வந்தது. ரேஞ்சர் எழுதிய அறிக்கையின்பேரில் மரமும் வண்டியும் மாடுகளும் முறைப்படி விடுவிக்கப்பட்டன. உத்தரவை அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சற்றுத் தயங்கி, "இப்ப சாப்பிடலாமுங்க" என்றார்.

விருந்தெல்லாம் முடிந்து நாளாகியிருந்தது. என் வீட்டில் அன்று கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்தான் இருந்தன. அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார்.

மீண்டும் நட்ட அந்த மரம் இன்றும் எங்கள் கோயிலின் முன் நிற்கிறது. அதன் மார்பிலுள்ள முத்திரையைக் காணும்போதெல்லாம், விதியில் ஒரு வரியையும் மீறாமலே அதனுள் எங்கள் கொடிக்கும் இடம் கண்டுபிடித்த அந்த மனிதரைத்தான் என் கைகள் தாமாகக் குவிந்து வணங்குகின்றன.