வராண்டா வரை ஒரு வண்டி

இனிகோ எண்ணி வைத்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து கால் பயிற்சி கொடுக்கும் அறை வரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் தங்கை ஆக்னஸின் புருஷன் சிலுவையை முதுகில் சுமந்துகொண்டு அந்தத் தூரத்தை நடப்பான். போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

சிலுவை சங்கு குளிக்கிறவன். எழுபத்து மூன்றாம் வருஷம் தோணியில் பாய்க்கட்டை முறிந்து முதுகில் விழுந்ததில் கால்கள் இரண்டும் செத்துப் போயின. சங்கு மூட்டை தள்ளுகிற மூன்று சக்கர வண்டியில் ஒரு நாற்காலியை இறுக்கிக் கட்டி, இனிகோ அவனைத் தள்ளிக்கொண்டு வருவான். எட்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு, கம்பிகளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்க வந்திருந்தது. நடுவில் விட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஆனால் சக்கரம் வைத்த எதுவும் ஸ்டாண்டைத் தாண்டக் கூடாது. ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த பொன்னுதுரை அதில் கறார்.

"சீக்கு ஆளுக்குத்தானவே? வண்டி எதுக்கு உள்ள போவுது?" என்பார்.

"இப்படியே சுமந்தா எனக்கும் சீக்கு வந்துரும் அண்ணாச்சி."

"வந்தா வாரும். அப்பவும் வண்டி இங்கனதான் நிக்கும்."

விளையாட்டாய்ச் சொன்னது பலித்துவிட்டது. ஜூலை மாதம் இனிகோவுக்குக் குடலிறக்கம் என்றார் டாக்டரம்மா. "இனி இவரைத் தூக்கினீங்கன்னா, பக்கத்துக் கட்டில் உங்களுக்குத்தான்." பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். நடக்க முடியாத நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர் ஒருவருடைய வண்டி, கட்டணம் இல்லாமல் பயிற்சி அறை வராண்டா வரை வந்து நிற்கலாம். அதற்கு மனுக் கொடுக்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் இனிகோவின் கையெழுத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் மனுவை நிரப்பினான். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் எழுதினான்: கயிறு பிடிப்பவர்.

வெள்ளிக்கிழமை மனு அந்தக் கட்டத்துக்குக் கீழே சிவப்பு மைக் கோட்டோடு திரும்பி வந்தது. வாசலை ஒட்டிய அலுவலகத்தின் ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா ஜெயசிங் சொன்னார்: "கூலியாளுக்குச் சலுகை கிடையாதுப்பா."

இனிகோ மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டியில் இருந்த சிலுவை மெதுவாகச் சொன்னான்: "விடு மச்சான். வீட்டுக்குத் தள்ளு. நின்னது போதும்."

"நீ சும்மா இரு மாப்ள," என்று சொல்லிவிட்டு, அவனைச் சுமக்கக் குனிந்தான் இனிகோ.

அதைப் பார்த்ததும் சிலுவைக்குக் கோபம் வந்துவிட்டது. அவனைத் தள்ளிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்: "சார்! இவன் கூலியாள் இல்ல. எம் பொஞ்சாதிக்குக் கூடப்பிறந்த அண்ணன்."

"அட, மச்சினனா? அத எழுத வேண்டியதுதானவே? கயிறு, கப்பின்னுக்கிட்டு!"

"மச்சினன் ஊருல எல்லாருக்கும்தான் இருக்கான் சார். எட்டுப் பாகம், அம்பதடி ஆழத்துல மூச்ச அடக்கிட்டுக் கிடக்கையில, மேல கயித்தப் பிடிக்கது யாருன்னுதான் எங்களுக்குக் கணக்கு. அத அண்ணன் தம்பி கையில கூடக் கொடுக்க மாட்டோம், பொஞ்சாதி கூடப்பிறந்தான் கையிலதான் கொடுப்போம். தங்கச்சி தாலியில்லா? கண்ண இமைக்க மாட்டான். பதினோரு வருசம் பிடிச்சான் சார், இந்த ஆளு."

ஜெயசிங் மனுவைக் கேட்டு வாங்கினார். 'மனைவியின் அண்ணன்' என்று எழுதி, பழையதை அடிக்கப் பேனாவைக் கொண்டு போனார்.

"அது இருக்கட்டும் சார்," என்றான் இனிகோ.

அதுவும் இருந்தது. அரை மணி நேரத்தில் சீல் விழுந்தது.

பொன்னுதுரை காகிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்தார். "வராண்டாத் தூணுக்கு அந்தால நிப்பாட்டும்வே. இந்தப் பக்கம் வெயிலு," என்றார்.

அன்று பயிற்சி முடிந்ததும், இனிகோ பழக்கத்தில் சிலுவைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக் குத்தவைத்தான்.

"ஏய் மச்சான், வண்டி வராண்டாவுலதான நிக்கி!"

இனிகோ சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் போனான். சிலுவை விடவில்லை. அந்த முதுகில் இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்து, கம்பியில்லாமல் எழுந்து நின்றான்.

"அசையாத மச்சான்," என்றான். இனிகோ அசையவில்லை.