வெயிலில் உருகாத பாசி முத்து

அருப்புக்கோட்டையில் கடற்பாசியை முத்து முத்தாக உதிர்த்து சர்பத்தில் போட்டு விற்ற முதல் ஆள் நான்தான். மறுக்கிறவர் யாராவது இருந்தால் நேரில் வரட்டும். படித்தது மூன்றாம் வகுப்பு. மதுரையில் ஒரு சர்பத் கடையில் கிளாஸ் கழுவிக் கற்ற தொழிலை வைத்து, எண்பத்து நாலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டி போட்டேன்.

மற்றவர்கள் பாசியைக் காய்ச்சி, தட்டில் உறைய வைத்து, கத்தியால் கீறிப் போட்டார்கள். எனக்கு அது போதவில்லை. ஐஸ் பெட்டிக்குள் நல்லெண்ணெயைக் குளிர வைத்தேன். சூடான பாசிக் கஞ்சியைப் பூந்திக் கரண்டியில் ஊற்றித் தட்டினால், ஒவ்வொரு சொட்டும் எண்ணெயில் இறங்கி, அடியைத் தொடுவதற்குள் உருண்டையாகிவிடும். அள்ளி நன்றாக அலசினால் எண்ணெய் வாடை இருக்காது. முதலில் தேங்காய் எண்ணெயில் செய்து பார்த்தேன், எண்ணெயே உறைந்துவிட்டது. என் மனைவி தெரசாள் ஒரு வாரம் சிரித்தாள்.

தொண்ணூற்றொன்று பங்குனியில் நெசவாளர் தெருவில் சௌடம்மன் திருவிழா. அது முடியும்வரை அங்கே கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் கிடையாது. பந்தலில் சர்பத் ஊற்ற என்னைத்தான் பேசியிருந்தார்கள். அது நடந்தால் அந்தத் தெருவே என் வாடிக்கை. முந்தின நாள் காலையில் என்னைப் பேசி வைத்த விழாக் கமிட்டிக்காரர் சௌடப்பன் வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க முத்து எலும்புல செஞ்சதாமே? எதுத்த கடை இருளப்பசாமி சொல்லுறான்."

"அவன் விக்கிற பாக்கெட்டு ஜெல்லிதான் எலும்பு. இது கடல்ல மொளைக்கிற பாசி."

"பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு?"

"ஒரு தகரத்தக் கொண்டாங்க, சொல்லுறேன்."

உச்சி வெயிலில் தெரு நடுவே தகரத்தைப் போட்டு, அவன் ஜெல்லியை ஒரு பக்கமும் என் முத்தை மறுபக்கமும் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஜெல்லி தண்ணீராக வழிந்தது. என் முத்து அப்படியே நின்றது. கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "ஏலே இருளப்பா, ஒன் சரக்கு சாக்கடைக்குப் போவுது, புடிலே!"

பந்தல் சமையலைப் பார்க்கும் லிங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"பாசிதான், ஒத்துக்கிடுறேன். ஒஞ்சட்டில நேத்து என்ன வெச்சாக?"

"ஞாயித்துக்கெழமல்ல, கறிதான்க்கா."

"அப்ப எங்க சட்டி, எங்க கரண்டி, எங்க எண்ண. நீ குளிச்சிட்டு வா."

குளித்துவிட்டுப் போனேன். அவர்கள் கரண்டியில் ஓட்டை பெரிது. முத்து சுண்டைக்காய் அளவு விழுந்தது. பிள்ளைகள் அதைத்தான் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். திருவிழா முடிகிறவரை நான்தான் ஊற்றினேன்.