பங்களா கக்கூஸின் பீங்கான் பிடி

கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால், இந்தக் காலத்துப் பையன்கள் செருப்பைக் கழற்றும் முன்பே ஸ்பேனரை வெளியே எடுத்துவிடுகிறார்கள். பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் ஒரு காலத்தில் மூன்று நாள் ஸ்பேனரோடு குடித்தனம் நடத்தியவன்தான்.

இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பெரிய துரை மட்டும் போகவில்லை. ஃபெக்டரியில் ரோலருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த என்னை அவர் தோட்டத்துப் பைப் வேலைக்கு மாற்றினார். மூன்று மாதம் பார்ப்பார். சரிப்பட்டால் நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி விடியற்காலைப் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் புல்லுவெட்டப் போக வேண்டும். என் பெண்சாதியோ அதற்குள் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க, "எங்க வீட்டுக்காரரு பைப் பிட்டரு" என்று சொல்லி முடித்திருந்தாள்.

மூன்றாவது மாதம் ஒரு புதன்கிழமை துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்.

"கக்கூஸ் வேலை செய்யாது. சனிக்கிழமை வி.ஏ. வருவாரு, லேடியும் வருவாங்க. அதுக்குள்ள வேலை செய்யணும். இல்லேன்னா திங்கக்கிழமை நீ பெரட்டுக்கு வா."

வி.ஏ. என்றால் கம்பெனிக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்க் குறை கண்டுபிடிக்கும் பெரிய ஆள். துரைக்கே அவரைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். அந்த நேரத்தில் கக்கூஸும் வேலை செய்யாவிட்டால் எப்படி?

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரிக் கக்கூஸில் நான் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது. லயத்தில் எங்களுக்கு இருந்ததெல்லாம் தேயிலைக்கு நடுவில் ஓடும் கான், அந்த வாய்க்கால்தான். சங்கிலியை இழுத்தால் தண்ணீர் வரும் என்று கேள்விப்பட்டதோடு சரி. ஒழுங்காக ஓடும்போது எப்படி இருக்கும் என்று தெரியாத ஒன்றை ரிப்பேர் செய்யப் போனேன்.

தலைக்கு மேலே சுவரில் ஓர் இரும்புத் தொட்டி. உள்ளே மணியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கனத்த இரும்பு. சங்கிலியை இழுத்தால் அது மேலே எழும்பும். சங்கிலி நுனியில் வெள்ளைப் பீங்கான் பிடி, அதில் நீலப் பூ. துரைசாணி கொழும்பிலிருந்து வாங்கி வந்தது. அதற்கு முந்தின வாரம் பழைய மரப் பிடியைக் கழற்றிவிட்டு இதை மாட்டியதும் நான்தான். மாட்டும்போது துரைசாணி பக்கத்திலேயே நின்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டு சொல். "மெதுவா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒடையும்," என்றார்.

முதலில் துரையே இழுத்துக் காட்டினார். பிடியைக் கீழே இழுத்தார். பிறகு சுவரில் பட்டுவிடாமல், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவது போல, மெல்ல மேலே கொண்டுபோய் விட்டார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"பாத்தியா?" என்றார்.

நானும் அதேபோல இழுத்து, அதேபோல மெல்ல விட்டுப் பார்த்தேன். வரவில்லை.

அன்று மேட்டுத் தண்ணீர் டேங்க்கைப் போய்ப் பார்த்தேன், நிறைந்திருந்தது. வால்வு திறந்திருந்தது. தொட்டியிலும் கழுத்தளவு தண்ணீர். வியாழக்கிழமை மணியைக் கழற்றிப் பாசியைச் சுரண்டி, ரப்பர் வாசர் மாற்றி, மறுபடி பூட்டினேன். வரவில்லை. வெள்ளிக்கிழமை கீழே அடைப்போ என்று பிரம்பை விட்டுக் குத்தினேன். வாளித் தண்ணீர் ஊற்றினால் மடமடவென்று போனது. சங்கிலிக்கு மட்டும் அசையவில்லை.

பங்களாவில் சமைக்கும் அப்புவுக்கு என் மேல் தாங்க முடியாத எரிச்சல். துரையும் துரைசாணியும் போய்வரும் ஒவ்வொரு தடவையும் வாளி சுமந்தது அவர்தான்.

"ஒன்னய பிட்டருன்னு எவன்டா சொன்னான்? ஒன்னாலே நான் கக்கூசுக்கும் குசினிக்கும் பாலம் போட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார்.

சனிக்கிழமை காலை மறுபடி ஏணி போட்டு ஏறினேன். திங்கட்கிழமை பெரட்டில் மேற்பார்வைக் கண்டாக்கு என் பேரைக் கூப்பிடுவது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது குளியலறையின் பின்கதவைத் திறந்துகொண்டு கருப்பாயி வந்தாள். பங்களா வாசலும் ஒஃபீஸ் வாசலும் கூட்டுவதும் கக்கூஸ் கழுவுவதும் அவள் வேலை. வீட்டுக்குள் வரக் கூடாது என்பதால் அவளுக்கு அந்தப் பின்கதவுதான்.

"என்னாண்ணே, இன்னும் முடியலயா?"

"தண்ணி வர மாட்டேங்குது, கருப்பாயி."

"வராம என்னா? நான் தெனம் கழுவிட்டு இழுக்குறேன், வருதே."

ஏணியில் இருந்து விழாதது என் நல்ல காலம். இழுத்துக் காட்டச் சொன்னேன். அவள் இடது கையால் ஓர் இழுப்பு இழுத்தாள். அப்படியே கையை எடுத்துவிட்டாள். மணி தொபுக்கென்று விழுந்தது. தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது. பிடி ஆடிக்கொண்டு போனதை மற்றக் கையால் பிடித்தாள்.

"மெதுவா விட்டா அது எப்புடிண்ணே விழும்? படக்குன்னு விடணும்."

"மூணு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க பெரிய வேலக்காரரு, அக்கு அக்காக் கழட்டுறீங்க. ஏதோ காரணம் இருக்கும்னு இருந்தேன். யாரு கேட்டா?"

தொட்டியில் கோளாறே இல்லை. கோளாறு துரையின் கையில் இருந்தது. இப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. 'தொரை, ஒங்களுக்குக் கக்கூஸ் சங்கிலி இழுக்கத் தெரியல' என்று எந்த வாயால் சொல்வது?

துரையைக் கூப்பிட்டு, "ஒருக்கா நீங்களே இழுத்துப் பாருங்க தொரை," என்றேன். இழுத்தார். வழக்கம்போல மெல்ல மேலே கொண்டுபோக ஆரம்பித்தார்.

"கைய விடுங்க தொரை."

அந்தத் தோட்டத்தில் அவரை ஒருவனும் அப்படி ஏவியதில்லை. திரும்பிப் பார்த்தார்.

"என்ன?"

"சட்டுன்னு விடுங்க."

திகைப்பிலேயே விட்டுவிட்டார். மணி விழுந்தது, தண்ணீர் கொட்டியது, பீங்கான் பிடி பறந்து போய்ச் சுவரில் மோதி நான்கு துண்டானது. அப்பு தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து துரைசாணி இங்கிலீஷில் ஏதோ கத்தினார்.

துரை தண்ணீரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். கழுத்து சிவந்தது. பிறகு குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளே பார்த்துப் பதில் கொடுத்தார். எனக்கு விளங்கியது 'வாசர்' என்ற ஒரு சொல்தான்.

என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "வாசர் பழுது. நீ மாத்தினே. சரியா?" என்றார்.

"ஆமாங்க தொரை, வாசர்தான்."

மரப் பிடி திரும்பி வந்தது. சாயந்தரம் வி.ஏ.யின் பெண்சாதி கக்கூஸுக்குப் போனபோது அப்பு ஜன்னலுக்கு வெளியே காது கொடுத்து நின்று, தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கினார்.

திங்கட்கிழமை ஒஃபீசில் துரை என்னை நிரந்தரமாக்கினார். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார்.

"உத்துப் பாத்தேன் தொரை," என்றேன்.

சங்கிலியைத் தொட்டதற்குக் கருப்பாயியை ஏசுவார்களோ என்றுதான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பேர் எனக்கே வேண்டியிருந்தது. வெளியே வந்தால், ஒஃபீஸ் வாசலில் அவள் விளக்குமாற்றோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"ஏண்ணே, என் பேரச் சொன்னா ஒங்க நாக்கு அழுகியா போயிரும்?" என்று கேட்டுவிட்டுக் கூட்டப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், கழுவுகிற ஆளிடம் முதலில் கேட்பேன். அடுத்து வீட்டுக்காரரை என் கண் முன்னால் இழுக்கச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். பையன்களே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் பங்களாவில் கோளாறு கண்டுபிடித்தது கருப்பாயி. அன்றைக்குத் துரையிடம் சொல்லியிருக்க வேண்டும்.