எட்டுப் பேரும் ஒரு வெள்ளைப் பெட்டியும்

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் வாகனங்களின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து மெத்ரோ ரயிலுக்குப் போகும் வழியில், பனிக்குள் பாதி புதைந்து நிற்கும் ஒவ்வொரு வாகனத்தின் கீழும் என் கண் குனிந்து தேடும். இழுப்பதற்குக் கொக்கி இருக்கிறதா, அதன் முனையில் இரும்பு உருண்டை இருக்கிறதா என்று. சில உருண்டைகளின் மேல் பனி ஒரு சின்னத் தொப்பி போட்டிருக்கும். மெத்ரோவில் ஏறிக் கண்ணை மூடினால், அந்த வாகனம் எங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஆற்றோரமாகப் போகும். சத்தமே இருக்காது. சில்லுகள் தரையில் படுகின்றனவா என்பதும் தெரியாது. இறங்கவேண்டிய நிலையத்தை அப்படிப் பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

பெட்டி என்று நாங்கள் சொல்வது எங்கள் பயண ட்ரெயிலரை. படுக்கைகள், அடுப்பு, ஒரு நீள மேசை எல்லாம் உள்ளே வைத்த, சில்லுப் பூட்டிய வெள்ளை வீடு. ஊரில் உழவு மெஷின் என்கிற ட்ராக்டருக்குப் பின்னால் கொளுவுவதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் இதுவும் பெட்டி ஆகிவிட்டது.

வீட்டில் எட்டுப் பேர். நான், இவர், ஐந்து பிள்ளைகள், இவரின் அக்கா. எனக்கு அவர் மச்சாள், பிள்ளைகளுக்கு மாமி. இவருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பின்னேர வேலை. எனக்கு ஆற்றுக்கு அப்பால், லவாலில் ஒரு மருந்துக்கடையில் பகல் வேலை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பள்ளிக்கூடம், ஆளுக்கொரு நேரம். ஒருவர் சாப்பிட்ட கோப்பை காயுமுன் அடுத்தவர் வந்து நிற்பார். எட்டுப் பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது கோடையில், அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். முழங்கை இடிக்கும், குழம்பு சிந்தும், ஒருவர் எழும்பினால் மூன்று பேர் எழும்பவேண்டும். அப்போது எனக்கு வேறொன்றும் தேவைப்படுவதில்லை.

போன வருடம் ஓகஸ்டில், ஆறு அகன்று கடலாகத் தொடங்கும் கிழக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பழைய வண்டியில் எட்டுப் பேரும் நெருக்கி இருந்தோம். நான் முன் இருக்கையில். ஒரு நீளமான கொள்கலன் லொறி எங்களை முந்திப் போனது. அதன் காற்று வந்து பட்டதும் என் பக்கத்துக் கண்ணாடியில் பெட்டியின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. அந்தக் கண்ணாடியில் அவ்வளவு சுவர் தெரியக்கூடாது. பிறகு அது இல்லை. இவருடைய பக்கம் போயிருந்தது. திரும்ப என் பக்கம் வந்தபோது முன்னைவிட அகலமாக வந்தது. நித்திரையில் வாலை அசைக்கும் பெரிய மிருகம்போல மிக மெதுவாக அசைந்ததாகத்தான் எனக்கு நினைவு. எங்கள் வண்டியின் பின்பக்கத்தையும் பிடித்துக் கொண்டுபோனது. கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிரெஞ்சு பழகிய எங்கள் கடைக்குட்டி, ஏதோ விளையாட்டென்று நினைத்து, "அங்கோர்! அங்கோர்!" என்று கைதட்டினான். இன்னொருக்கா, இன்னொருக்கா என்று.

இவர் வேகமிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, பெட்டிக்கென்று தனியாக இருந்த பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினார். அது இரண்டு மூன்று தடவை ஆடி, பிறகு மனம் மாறியதுபோல எங்கள் பின்னால் வந்து நின்றது. வீதியோரத்தில் நிறுத்தியபின்னும் இவர் ஸ்டியரிங்கை விடவில்லை. மச்சாள்தான் முதலில் வாய் திறந்தார்.

"முருகா. தோசைக் கிரைண்டர் உடைஞ்சிருக்குமோ தெரியேல்லை."

நாங்கள் சிரித்தோம். சிரிப்பு எனக்கு நிற்கவில்லை. பிறகுதான் அது சிரிப்பில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

ஏன் ஆடியது என்பதை மூத்தவன் ஒரு வீடியோவில் கண்டுபிடித்தான். ஓடும் பட்டியின் மேல் ஒரு பொம்மைக் கார், அதன் பின்னால் ஒரு பொம்மைப் பெட்டி. பெட்டியின் பின்பக்கம் பாரத்தை வைத்து விரலால் தட்டினால் ஆடி ஆடிக் கவிழும். முன்பக்கம் வைத்தால் எத்தனை தரம் தட்டினாலும் தானாக நேராகும். எங்கள் பெட்டியில் அரிசி மூட்டை, தண்ணீர்க் கான்கள், கிரைண்டர், மச்சாளின் பெரிய சருவச்சட்டி எல்லாம் பின்பக்கத்தில்தான் இருந்தன. முன்னால் ஏற்றினால் இழுக்கிற வண்டிக்கு நோகும் என்று எல்லாருமாக இரக்கப்பட்டு ஏற்றியவை. அதோடு அந்த வண்டியும் அந்தப் பெட்டிக்குப் போதாது என்றான். நான் அந்தப் பொம்மைக் காரை அடிக்கடி பார்த்தேன். விரல் வருவதற்கு முன் அது எவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்று பார்த்தேன்.

பெட்டியை லவாலில் இவருடைய சிநேகிதர் ஒருவரின் பின்வளவில் விட்டோம். பழைய வண்டியை விற்றோம். நான் வேலைக்குச் சிலவேளை கொண்டுபோகும் சின்னக் கார் மட்டும் மிஞ்சியது. எனக்கு மட்டும் அந்த அசைவு நிற்கவில்லை. மருந்துக்கடையில் வெள்ளைக் குளிர்பெட்டியின் கதவை யாராவது திறந்தால், கண்ணின் ஓரத்தில் சுவர் வந்து போகும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.

பனி கரையத் தொடங்கியபோது சிநேகிதர் வளவில் கொட்டில் போடப்போவதாகச் சொன்னார். பெட்டியை எடுக்கவேண்டும். இவர் என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார்.

"நீர் ஓம் எண்டு சொல்லாமல் நான் ஒரு வண்டியும் வாங்கமாட்டன். நீரே பாரும், நீரே சொல்லும். ஏலாதெண்டால் பெட்டியை விப்பம். பிள்ளையளுக்கு நான் சொல்லுறன்."

அப்படித்தான் அந்தத் தெரிவு என் கைக்கு வந்தது. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எட்டுப் பேரும் ஒரே வண்டியில் போகவேண்டும்.

சனிக்கிழமைகளில் லவாலின் பெரிய விற்பனை வளவுகளில் எல்லாருமாக ஏறி இறங்கினோம். நீளமான வெள்ளை வான் ஒன்று இருந்தது, தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போவது மாதிரி. அதன் உடம்பு பின்சில்லைத் தாண்டி வெகுதூரம் பின்னால் தள்ளி நின்றது. அந்த நீட்டத்தைப் பார்த்ததுமே பெட்டி வாலை அசைத்தது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன். அடுத்ததாக நாலு கதவு வைத்த பிக்கப் ஒன்று. உயரம், அகலம், பெரிய பின்தட்டு. முன்னால் மூவர், பின்னால் மூவர். மிச்சம் இரண்டு பேர்?

"உதென்ன, மீன் யாவாரத்துக்கே வெளிக்கிடுறம்?" என்றார் மச்சாள். "இதிலை ஏற எனக்கு ஏணி வேணும் பிள்ளை."

"மாமி, உங்களைப் பின்தட்டிலை ஏத்துவம். காத்தோட்டமாய் இருக்கும்," என்றான் மூத்தவன்.

"ஏத்து. அப்பிடியே ரோட்டிலை நிண்டு உன்னைப் பற்றிக் கூவிக்கொண்டு வாறன். கலியாணத்துக்கு ஒரு பெடியன் இருக்கிறான், விலை மலிவு எண்டு."

மூன்றாவது, கறுப்பு நிறப் பெரிய எஸ்.யு.வி. மந்திரிமார் போவது மாதிரி. எட்டு இருக்கைகள். எட்டுப் பேரும் ஏறினோம், கதவுகள் மெத்தென்று மூடின, வெளிச் சத்தம் எல்லாம் நின்றது. பழுப்புக் கண்ணாடிக்கு வெளியே லவால் ஒரு குளத்தின் அடியில் இருப்பதுபோலத் தெரிந்தது. ஒருவரும் இறங்க விரும்பவில்லை. விற்பவர் வெளியே நின்று இரண்டு பெருவிரலையும் உயர்த்தினார். உங்கள் பெட்டியைவிடப் பெரிதையும் இழுக்கும், மதாம், என்றார். இவருடைய முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒரு வெளிச்சம். நான் ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

இறங்கும்போது சாரதிப் பக்கக் கதவின் இடுக்கில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் கண்ணில் பட்டது. இருப்பவர்களும் சாமான்களும் சேர்ந்து இந்த நிறையைத் தாண்டக்கூடாது என்று பிரெஞ்சில் எழுதி, ஒரு எண் போட்டிருந்தது. மருந்துக்கடையில் பிள்ளைகளுக்கு மருந்து கட்டுமுன் நான் தாய்மாரிடம் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளையின் நிறை என்ன என்பதுதான். அது தெரியாமல் ஒரு துளி மருந்தும் கொடுக்க முடியாது. என் வீட்டு எட்டுப் பேரின் நிறை என்ன? எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு குளியலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குப் போனோம். பெரிய சண்டை. இரண்டாவது மகள், "நோ வே, அம்மா. எல்லாருக்கும் முன்னாலை நான் ஏறமாட்டன்," என்றாள். மச்சாள் அவளோடு சேர்ந்துகொண்டார். "நிறையை வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு. உம்மடை புருஷனுக்கு என்ரை நிறை என்னத்துக்கு?" கடைசியில் ஒரு உடன்பாடு. நான் மட்டும் உள்ளே இருப்பேன். ஒவ்வொருவராக வந்து ஏறிவிட்டுப் போகவேண்டும். ஒருவருடையதையும் மற்றவருக்குச் சொல்லமாட்டேன்.

குளிர்காலம் முழுவதும் பூட்டிக்கிடந்த பெட்டிக்குள் பழைய மிளகாய்த்தூள் வாசம் மெல்லியதாக இருந்தது. திரைச்சீலை ஊடாக வெயில் மேசைமேல் கோடு கோடாக விழுந்தது. ஒவ்வொருவர் படியில் கால் வைக்கும்போதும் பெட்டி ஒரு சொட்டுத் தாழ்ந்து நிமிர்ந்தது. நான் திரும்பிப் பார்க்குமுன்னே யார் என்று அந்தத் தாழ்விலேயே தெரிந்தது. மூத்தவன் ஏறியபோது தராசு என்னுடையதைத் தாண்டிப் போனது. அவன் பிறந்தபோது இருந்த நிறை எனக்கு இன்னும் மனப்பாடம். நடுவில் எங்கேயோ நான் அளக்க மறந்திருக்கிறேன். இரண்டாவது மகள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். கடைக்குட்டி குதித்தான். மச்சாள் சேலையைத் தூக்கிப் பிடித்து, வெட்கத்தோடு, கோயில் படி ஏறுவதுபோல ஏறினார். கடைசியாக வந்த இவர் தராசில் நின்றபடியே என் தலையில் கையை வைத்தார். அதனால் எண் கொஞ்சம் குறைந்து காட்டியது. கையை எடுங்கோ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாரும் போனபின் கூட்டிப் பார்த்தேன். எங்களோடு, பெட்டியின் மூக்கு கொக்கியின் மேல் அழுத்தும் பாரத்தையும் சேர்க்கவேண்டும். முன்பக்கம் பாரமாக இருந்தால்தான் ஆடாது, ஆனால் அந்தப் பாரத்தை வண்டிதான் சுமக்கவேண்டும். மஞ்சள் ஒட்டுத்தாளின் எண்ணை வெகுவாகத் தாண்டிவிட்டது. மனக்கணக்கில் கிரைண்டரை இறக்கினேன். சருவச்சட்டியை, அரிசியை, தண்ணீரை இறக்கினேன். அப்போதும் தாண்டியது.

நான் சின்னவளாக இருந்தபோது இடம்பெயர்ந்த நாள் ஒன்றில், அப்பா இதே மாதிரி இறக்கியிருக்கிறார். உழவு மெஷினின் பெட்டியில் இடம் போதவில்லை. பிள்ளைகளை முதலில் அனுப்புவோம், பெரியவர்கள் பேந்து வரலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்பா நெல்மூட்டைகளையும் தையல் மெஷினையும் வீதியில் இறக்கி வைத்தார். எல்லாரும் ஒரே பெட்டியில் போனோம். அதற்குப் பிறகு குடும்பம் என்றால் ஒரே வண்டி என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். இப்போது நானும் இறக்கிப் பார்த்துவிட்டேன். இறக்க இனி எங்களைத் தவிர ஒன்றுமில்லை.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன்.

"அந்தக் கறுப்பு வண்டி வேண்டாம்."

"ஏனப்பா? இழுக்குமெண்டு அவன் சொன்னவனெல்லே?"

"இழுக்கும். எங்களைத்தான் தாங்காது. பிக்கப்பை வாங்குங்கோ. அதின்ரை கதவிலையும் பார்த்தனான், அது தாங்கும். நான் பின்னாலை சின்னக் காரிலை வாறன்."

"நீர் தானே எல்லாரும் ஒண்டாய் எண்டு நிண்டனீர்."

"ஓம்."

"அப்ப, பிள்ளையளிலை ஆரை உம்மோடை ஏத்துறீர்?"

ஐந்து பேரும் புல்லில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் பெயரைச் சொன்னால், மற்ற நால்வரை மற்ற வண்டிக்கென்று நான் சொன்னதாகிவிடும். படியில் இருந்த மச்சாள் எழும்பி வந்தார்.

"அவளை ஏன் கேட்கிறாய் தம்பி? பிள்ளையளை எல்லாம் நீ கொண்டுபோ. நான் இவளோடை வாறன். உன்ரை லொறியிலை ஏற எனக்கு வயசில்லை."

ஜூலையில் வெளிக்கிட்டோம். ஏற்றும்போது மூத்தவன் நின்று பாரமான எல்லாவற்றையும் முன்பக்கம் வைப்பித்தான். சருவச்சட்டி வந்தது, கிரைண்டர் வீட்டில் நின்றது. பிள்ளைகள் ஒரு சோடி வோக்கி-டோக்கி வாங்கி, ஒன்றை எங்கள் காரில் வைத்திருந்தார்கள். பாலம் தாண்டி, எங்கள் நகரம் இருக்கும் தீவு பின்னால் போய், இரண்டு பக்கமும் சோள வயல்கள் வந்தன. எனக்கு முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்று மட்டும் போனது. பிக்கப் தெரியவில்லை, இவர் தெரியவில்லை, பிள்ளைகள் தெரியவில்லை. நடுவில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் நான் தைத்த பூப்போட்ட திரை. எத்தனையோ தடவை கண்ணாடி ஓரத்தில் துண்டு துண்டாகப் பார்த்ததை, அன்றுதான் முழுதாகப் பார்த்துக்கொண்டு போனேன். மிதப்பதுபோல, மெத்ரோவில் கண்ட மாதிரியே போய்க்கொண்டிருந்தது.

அந்த இடம் வந்தது. அது எனக்குத் தெரியும், மச்சாளுக்கும் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு கொள்கலன் லொறி எங்களைக் கடந்தது. என் சின்னக் கார் நடுங்கியது. லொறி பெட்டியை நெருங்குவதை நான் பார்த்தேன். கண்ணை மூட எனக்கு வழியில்லை, ஓட்டுவது நான். லொறி பெட்டியோடு சமமாக வந்தது. பெட்டி ஒரு விரலளவு சாய்ந்தது. திரை அசைந்தது. பிறகு அது தானாக நேராகிவிட்டது. லொறி முன்னால் போய்ச் சின்னதாகியது.

வோக்கி-டோக்கி கரகரத்தது. கடைக்குட்டியின் குரல், மனம் முறிந்த குரல்.

"அம்மா, இந்த முறை ஏன் ஆடேல்லை?"

மச்சாள் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"லொறி போட்டுதே?"

"போட்டுது மச்சாள்."

"அப்ப அந்த முறுக்கு ரின்னை இஞ்சாலை எடுக்கட்டே," என்றார்.