ரோஜாவின் மிச்சப் பாதி

வாழ்த்து அட்டை செய்யும் தொழிலில் அன்பு வாடிக்கையாளரின் பொறுப்பு, பசை எங்கள் பொறுப்பு. ஹட்டனில் அன்புக்குக் குறைவில்லை. பசைதான் காய்வதில்லை.

கொழும்பு நாளிதழ் ஒன்றுக்கு இந்தப் பக்கத்துச் செய்திகளை நெடுங்காலம் அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். மண்சரிவு, தொழிற்சங்கக் கூட்டம், பஸ் புரண்டது, தேர்த் திருவிழா. பத்திரிகை மெலிந்துகொண்டே வந்தது. ஒரு நாள் நான் நுழைய முடியாத அளவுக்கு ஒல்லியாகிவிட்டது. என் மனைவி வசந்தா அதற்குள் தன் புத்தகக் கடையின் ஒரு மூலையில் கையால் அட்டை செய்ய ஆரம்பித்திருந்தாள். பூ, இலை, பட்டாம்பூச்சி வடிவத்தில் விளிம்பு கூரான மெல்லிய தகடுகள் வைத்திருக்கிறாள், டை என்பார்கள். தகட்டைத் தாளின் மேல் வைத்து மெஷினுக்குள் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் அந்த வடிவம் வெட்டுப்பட்டு வரும். சுற்றுகிறவன் நான். வெட்டிய பட்டாம்பூச்சி விரலை உதறினாலும் விழாமல், அட்டையில் ஒட்டியதும் விழுவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நீங்கள் அவர்களில் ஒருவரென்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சம்மனசு பயணம் போனது

இங்கே காலையில் கடையைத் திறந்தால் நமக்கு முன்னால் பனி உள்ளே வந்துவிடும். அட்டை வளையும். பசை இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். பிடித்தது போலக் காட்டிவிட்டுக் கைவிடுவதும் உண்டு.

மரியதாஸ் மாஸ்டர் கொழும்பிலுள்ள தம்பிக்கு நத்தார் அட்டை, கிறிஸ்துமஸ் வாழ்த்து, கேட்டார். வெள்ளை இறக்கை விரித்த சம்மனசு, அதாவது தேவதூதன் ஒன்றை வசந்தா மிக அழகாக ஒட்டிக் கொடுத்தாள். மாஸ்டர் அதைத் தபாலில் போடவில்லை. தெரிந்த பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டார். மலை இறங்க இறங்கச் சூடு ஏறும், குளிரில் ஒட்டியது சூட்டில் விட்டுவிடும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மறுநாள் மாஸ்டர் கடை வாசலில் வந்து நின்றார். கோபமாக இருக்கிறாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"சம்மனசு பத்திரமா வந்து சேந்துருச்சுன்னு தம்பி போன் பண்ணுனான். ரெக்க மட்டும் கினிகத்தேனையிலயே எறங்கிருச்சு போல."

தொரைக்குப் பிரியாவிடை

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தொரைக்கு, அதாவது மேனேஜருக்கு, மாற்றம் வந்தது. தொழிலாளர் சார்பில் அட்டை கொடுக்க வேண்டும் என்று மூன்று பெண்கள் வந்தார்கள். புதிதாக வாங்கிய கொழுந்து டையை வசந்தா பெருமையோடு எடுத்துக் காட்டினாள். வந்தவர்களில் மூத்தவர் அதை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "அதப் பாத்துப் பாத்துத்தான் அவரும் எங்கள ஏசுனாரு, நாங்களும் அவர ஏசுனோம். ரோஜா போடுங்க."

வாசகம் எழுதுவது என் இலாகா. பழைய பழக்கத்தில் கொஞ்சம் கம்பீரமாக, 'சென்று வாருங்கள்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர்தான் மரியாதையாகச் சொன்னார்.

"'வாருங்கள்' வேணாங்க. 'சென்று' மட்டும் போதும்."

எல்லாவற்றையும் ஒட்டச் சொன்னவர்

ரமேஷ் கொழும்பில் போன் கடையில் வேலை செய்கிற பையன். மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடி. ஒரு பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை பிறந்தநாள் என்றார். பெயர் கேட்டேன். "பேர் வேணாம் அங்கிள், அவங்களுக்குத் தெரியும்" என்றார். அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டிருக்கிறார்களாம், இன்னொருவர் வீட்டிலிருந்தும் கேட்டிருக்கிறார்களாம், பெண்ணின் அம்மா இந்த மாதத்துக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம். அதனால் அட்டை பெரிதாக இருக்க வேண்டும்.

பெரிய ரோஜாப் பூக்கள் அச்சடித்த டிசைன் பேப்பர் ஒன்றே ஒன்று இருந்தது. வசந்தா அதில் முக்கால் பங்கை வெட்டி அட்டையின் முகப்பில் ஒட்டினாள். அதன் மேல் தங்க நிற இதயம், அதன் மேல் பட்டாம்பூச்சிகள், அவற்றின் மேல் முத்து. ரமேஷ் ஒவ்வொன்றுக்கும் "இன்னும் கொஞ்சம்" என்றார். என் தோள்பட்டை கழன்றது. இதற்கு மேல் ஒட்டினால் கார்ட் நிற்காமல் விழுந்துவிடும் என்று வசந்தா எச்சரித்தாள்.

"கார்ட் விழட்டும் ஆன்ட்டி. அவங்க விழுந்தா போதும்."

பஸ் கேட்டவர்

மறுநாளே சிவகுமார் வந்தார். ஹட்டனுக்கும் அக்கரப்பத்தனைக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் வெளியே நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கும் வெள்ளிக்கிழமை பிறந்தநாள் அட்டை வேண்டும். அவருக்கும் பெயர் வேண்டாம். இத்தனை வருடம் செய்தி சேகரித்த எனக்கு அதில் ஒரு செய்தி இருப்பது தோன்றவேயில்லை.

டிக்கட் பைக்குள் அடங்குகிற அளவு இருந்தால் போதும் என்றார். என்ன படம் போடலாம் என்று கேட்டோம்.

"பஸ் இருக்கா அண்ணே?"

இருந்தது. சின்னப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய டை. வசந்தா ஒப்பவில்லை. "பொம்பளப் புள்ளைக்குப் போயி யாராச்சும் பஸ் குடுப்பாங்களா?"

"அவங்க தெனமும் அதுலதானக்கா வர்றாங்க."

வெளியே ஹார்ன் மறுபடி அடித்தது. வசந்தா ரோஜா பேப்பரின் மிச்சத்தை எடுத்து அளவாக வெட்டி ஒட்டினாள். கத்தி பட்ட இடத்தில் ஒரு ரோஜாவின் பாதி மட்டுமே இருந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட அதன் கீழே ஒரு பச்சை இலையை வைத்தாள். உள்ளே என்ன எழுதுவது என்று பேனாவோடு காத்திருந்தேன். அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"ஒண்ணும் வேணாம் அண்ணே. நான் என்ன சொன்னாலும் 'பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க'ன்னு சொல்ற மாதிரியே இருக்கும்."

இரண்டும் ஒன்றானது

சனிக்கிழமை ஒரு பெண் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பெயர் சுகந்தி, முன்பள்ளி டீச்சர். பையிலிருந்து ஒரு பெரிய அட்டையும் ஒரு சின்ன அட்டையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெதுவாக நகர்த்தி, விளிம்போடு விளிம்பு சேர்த்தார். பெரிய அட்டையின் ஓரத்தில் இருந்த அரை ரோஜாவும் சின்ன அட்டையின் ஓரத்தில் இருந்த அரை ரோஜாவும் சேர்ந்து முழு ரோஜா ஆனது. இரண்டுக்கும் பின்னால் எங்கள் கடை முத்திரை இருந்தது.

வசந்தா என்னைப் பார்த்தாள். செய்தி தந்தவர் யார் என்று வெளியில் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது என்று நான் ஆரம்பித்தேன். பெரிய அட்டை ரமேஷ் கொடுத்தது, சின்னது சிவகுமார் கொடுத்தது என்று அவரே சொல்லிவிட்டார். நாளைக்கு அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். சித்தி கொழும்புப் பையன் என்கிறார். அம்மா, யாராக இருந்தாலும் சீக்கிரம் சொல் என்கிறார்.

"இதுல அவங்களா கேட்டது எது, நீங்களா ஒட்டுனது எது? அத மட்டும் சொல்லுங்க அண்ணே."

ரமேஷ் எல்லாவற்றையும் கேட்டார் என்றேன். சிவகுமார் பஸ் கேட்டார், நாங்கள்தான் கொடுக்கவில்லை என்றேன். சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா வேறெதையாவதா என்று தெரியவில்லை. பிறகு வசந்தா பக்கம் திரும்பினார்.

"மூணாவதா யாரும் வந்தா வேற பேப்பர்ல வெட்டுங்கக்கா. எங்கம்மாவுக்கு இந்த ரெண்டே போதும்."

சோற்றுப் பருக்கை

பொருள் திரும்பி வந்தால் குறை தேடுவது கடைக்காரர் குணம். வசந்தா பெரிய அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அதில் ஒரு பட்டாம்பூச்சிகூட இல்லை. எல்லாம் சுகந்தி எடுத்து நீட்டிய உறைக்குள் உதிர்ந்து கிடந்தன. கொடுக்கும்போதே ரமேஷ் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் ஒருவனுக்கும் ஒழுங்காக வேலை தெரியாது என்று எங்களைப் பற்றி நீளமாகப் பேசினாராம். உறையை அப்படியே சுகந்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

பிறகு வசந்தா சின்ன அட்டையை எடுத்தாள். முகம் மாறியது. "இந்த எலய நான் இப்பிடி ஒட்டல."

இலை தலைகீழாக இருந்தது. அதன் காம்பு ஆகாயத்தைப் பார்த்தது. நகத்தால் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் நசுங்கிக் காய்ந்த சோற்றுப் பருக்கை. நெரிசலில் டிக்கட் பைக்குள் உதிர்ந்த இலையை, சிவகுமார் பகல் சாப்பாட்டுப் பார்சலிலிருந்து சோறு எடுத்து ஒட்டியிருக்கிறார். எங்கள் பசை பிடிக்காத இடத்தில் சம்பா அரிசி கல் மாதிரிப் பிடித்திருந்தது. சரியாக ஒட்டித் தருகிறேன் என்று வசந்தா கை நீட்டினாள். சுகந்தி அட்டையை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"தலகீழாத்தான் ஒட்டியிருக்காரு. ஆனா ஒட்டியிருக்காரு."

அழைப்பிதழ்

அடுத்த முறை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். வெளியே பஸ் நின்றது. இந்த முறை டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை. கல்யாண அழைப்பிதழ் கையால் செய்ததாக வேண்டும். வசந்தா மல்லிகை காட்டினாள், மயில் காட்டினாள், வெற்றிலை டையும் காட்டினாள். சிவகுமார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் காதருகில், "பஸ் இன்னும் இருக்கா அண்ணே?" என்றார். வசந்தாவுக்கு அது கேட்டுவிட்டது. கல்யாணக் கார்டில் பஸ்ஸா என்று ஆரம்பித்தவளைச் சுகந்திதான் நிறுத்தினார்.

"பஸ்ஸே போட்ருங்கக்கா. எல வச்சீங்கன்னா மறுபடியும் தலகீழா ஒட்டுவாரு."

இப்போதெல்லாம் அட்டை உதிர்ந்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால் வசந்தா புதுப் பூ வெட்டிக் கொடுக்கிறாள், நான் அவர்கள் வீட்டில் சோறு இருக்கிறதா என்று விசாரிக்கிறேன்.